ஐந்தாம் இடத்துக்கு ஒரு தூக்கம்

தாய்சுங்கில் கணவர் வீட்டில் சௌகரியமாக இருக்கும் என் தங்கை ஆ-சூவுக்கு,

அக்கா லுவான் எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் போன மாதம் தொலைபேசியில் நீ அதைப் பற்றி மட்டுமே பேசியதால் எனக்கு எல்லாம் தெரியும். என் முழங்காலைப் பற்றி நீ கேட்கவில்லை. பரவாயில்லை. உன் கணவருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். சின்னப் பேரனுக்கு மட்டும் பாதி சொல். கல்லறை கூட்டும் நாளில் நம் அப்பாவின் சமாதிக்கு முன்னால் சிறுத்தைகள் பேஸ்பால் அணியின் மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு கும்பிட்டவன் அவன்தான். குழந்தைக்கு என்ன தெரியும் என்று நீ அப்போது சொன்னாய். தொப்பியைக் கடைக்குப் போய் வாங்கியது குழந்தை இல்லை, ஆ-சூ. அப்பா சாகும்வரை நம் ஊர்க் கொக்குகள் அணியைத் தவிர வேறு அணியின் பெயரை வீட்டுக்குள் சொல்லவிட்டவர் இல்லை. நீ கல்யாணமான மறு வருஷமே கட்சி மாறினாய். அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டைக் காலி செய்ய உதவிக்கு வியாழக்கிழமை நீ வருவதாக என் பிள்ளை ஜியான்-ஹோங்கும் நீயும் பேசி வைத்திருக்கிறீர்கள். வரவேண்டாம். வீடு காலியாகப் போவதில்லை. நான் தாய்பேய்க்குப் போகவில்லை. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஒவ்வொரு வருஷமும் கல்லறை கூட்டும் நாளுக்கு ஜியான்-ஹோங் வந்து, “அம்மா, எங்ககூட வந்துடுங்க, பதினோராவது மாடி, லிஃப்ட் இருக்கு” என்பான். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அங்கே ஜன்னலைத் திறந்தால் இன்னொருவர் ஜன்னல் தெரியும். அந்த ஜன்னலில் ஒருவர் நின்று நம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்நேரமும் மழை. துணியை மின்சாரத்தில் காயவைக்கிறார்கள். மருமகள் நல்லவள்தான், குறை சொல்ல மாட்டேன், வான்கோழிச் சோற்றில் வெங்காயம் தாளிக்காமல் பரிமாறியதை ஒரு முறைதான் சொன்னேன். இந்த வருஷமும் அவன் வந்து கேட்டான். வசந்தத்தில் கொக்குகள் முதல் ஆட்டங்களை வரிசையாக ஜெயித்திருந்த நேரம், எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. நேரே சந்துக்கோடியில் உள்ள மண்சாமி கோயிலுக்குப் போய்க் குறி கேட்கும் பிறைக்கட்டைகளைக் கையில் எடுத்தேன். உனக்குத் தெரியும், சாமியிடம் எல்லோரும் கேட்பது ஒரு மாதிரி. இதைக் கொடு, நான் ஆமை வடிவச் சிவப்புப் பணியாரம் படைக்கிறேன் என்பார்கள். அப்படி நானும் வருஷக்கணக்காகக் கேட்டுவிட்டேன். பணியாரத்தை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வருஷமும் எங்களைக் கடைசி இடத்தில்தான் உட்காரவைத்தார். அதனால் இந்த முறை மீன்காரியிடம் பேரம் பேசுவது போலப் பேசினேன். “இந்த வருஷமும் கொக்குகளைக் கடைசியில விட்டீங்கன்னா நான் வீட்டைப் பூட்டிட்டுப் பையன்கூடத் தாய்பேய்க்குப் போயிடுவேன். அப்புறம் காலையில உங்களுக்கு யாரு டீ வைக்கிறாங்கன்னு பாருங்க. சம்மதமா?”

கட்டைகளைப் போட்டேன். முதலில் இரண்டும் மல்லாந்து விழுந்தன. சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்து, சம்மதம் சம்மதம் சம்மதம். நான் சாமியைப் பயமுறுத்திவிட்டேன் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு மேய்-ஹுயியிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறாளே, அவள்தான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, “அத்தை, அவரு எதுக்குச் சம்மதம் சொன்னாரு? கொக்குகளை மேல தூக்குறதுக்கா, இல்ல நீங்க கிளம்புறதுக்கா?” என்றாள். நான் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. அவள் கேட்டது சரியா தப்பா என்பது வேறு விஷயம். இதையெல்லாம் நான் பெருமையில் ஜியான்-ஹோங்கிடம் ஏற்கெனவே சொல்லித் தொலைத்திருந்தேன். அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். “நான் வற்புறுத்தலம்மா. நீங்களே சாமி முன்னாடி சொன்னது” என்கிறான். சின்ன வயதில் இப்படியா பேசுவான். நீ அவனை மடியில் வைத்து மீன் ஊட்டியபோதே இவன் உன்னைப் போல ஆவான் என்று நினைத்தேன்.

அந்தப் பக்கம் சித்திரை முடிந்ததும் கொக்குகள் தங்கள் பழைய குணத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஆ-சூ, தோற்பதில் ஒரு வகை இருக்கிறது. உன் சிறுத்தைகள் தோற்றால் அடிபட்டுத் தோற்பார்கள். எங்கள் பிள்ளைகள் தோற்பது வேறு. வானத்துக்கு உயரப் போன பந்தைப் பிடிக்க மூன்று பேர் ஓடிவருவார்கள், மூன்று பேரும் மரியாதையாக நின்று நீ எடு நீ எடு என்று பார்ப்பார்கள், பந்து நடுவில் விழும். நாலாவதாக மட்டை பிடிக்கிற செங்-ஹாவ் இருக்கிறானே, நல்ல உடம்பு, வாழைத்தார் மாதிரி கை, போன வருஷம் தோளில் ஒரு பந்து பட்டதிலிருந்து எறிகிறவன் கையைத் தூக்கியதுமே இவன் கண்ணை மூடுகிறான். சும்மா இருக்க என்னால் முடியுமா. மைதானத்தில் என் இடத்திலேயே எழுந்து நின்று அவனுக்குக் கேட்கும்படி நாலு வார்த்தை சொல்வேன். அவன் அப்பாவும் மட்டைக்காரன்தான், அந்தக் காலத்தில் அவர் எந்தெந்த ஆட்டத்தில் எப்படிக் கோட்டை விட்டார் என்று எனக்கு வரிசையாக ஞாபகம் இருப்பதால் அதையும் சொல்வேன். நன்றாகப் பந்து எறிந்துகொண்டிருந்த இடதுகைக்காரனை எடுத்துவிட்டுக் கொப்புளம் வந்த விரலோடு இன்னொருவனை மழையில் இறக்கிய பழைய மேனேஜரையும் விடமாட்டேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், ஒரு முறை சந்தையில் எதிரே வந்தார், நான் என் தள்ளுவண்டியை நகர்த்தவில்லை, அவர் கோழிக்கடையைச் சுற்றிக்கொண்டு போனார்.

எங்கள் வரிசையில் மேளம் அடிப்பவன் கோக்-பின். மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறான், கையெல்லாம் கறுப்பு, மனசு வெள்ளை. ஒவ்வொரு மட்டைக்காரனுக்கும் ஒரு பாட்டு உண்டல்லவா, அதை மேளமும் ஊதுகுழலுமாக இவன் ஆட்கள்தான் எடுப்பார்கள். செங்-ஹாவ் பாட்டு வரும்போது என் குரல் அதற்கு மேலே கேட்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குரல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி மாதம் ஒரு நாள். நல்ல புழுக்கம், மழை பெய்து ஓய்ந்து சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து வெல்லவாசனை வந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தபடி எப்போது கண் அசந்தேன் என்று தெரியவில்லை. விழித்துப் பார்த்தால் கொக்குகள் மூன்று ஓட்டம் எடுத்திருந்தார்கள். மறுநாள் கோக்-பின் என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தான்.

“பாட்டி, நேத்து நீங்க கண்ண மூடினதும்தான் ஓட்டம் வந்துச்சு. கவனிச்சீங்களா?”

“கண்ண மூடிட்டு எப்படிடா கவனிக்கிறது?”

“அதுக்குத்தான் நாங்க கவனிச்சோம். நீங்க முழிச்சிருந்தா வரமாட்டேங்குது. தூங்குனா வருது. உங்க உசிரு அந்த நேரம் இறங்கி மைதானத்துக்குப் போயி நம்ம பசங்களுக்கு உதவுது போல.”

“போயி என்ன செய்யுது?”

“பந்தை மெதுவாக்குது” என்றான் ஊதுகுழல்காரன் பின்வரிசையிலிருந்து.

மேய்-ஹுயியும் ஆமாம் என்றாள். அவித்த கடலை விற்கிறவனும் ஆமாம் என்றான். அந்த வரிசையில் இவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதே இல்லை. மறு ஆட்டத்துக்குக் கழுத்துக்கு வைக்கும் சின்னத் தலையணை ஒன்று வந்துவிட்டது. மேய்-ஹுயி அரிசிக் கஞ்சியும் வேர்க்கடலைச் சூப்பும் கொண்டுவந்து, “நல்லாச் சாப்பிடுங்க அத்தை, வயிறு நிறைஞ்சாத்தான் கண்ணு சொக்கும்” என்றாள். எனக்காக ஊதுகுழல்காரன் நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தான். இப்படியொரு மரியாதையை என் மாமியார் வீட்டில்கூட நான் பார்த்ததில்லை.

கோடை முழுவதும் தூங்கினேன், ஆ-சூ. அதைச் சொன்னால் உனக்குப் புரியாது. மேளச் சத்தம் முதலில் பக்கத்தில் கேட்கும், பிறகு சந்துக்கு அந்தப் பக்கம் கேட்கும், பிறகு நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கரும்பு ரயில் போகுமே, அந்தத் தண்டவாளத்தில் காது வைத்தால் கேட்பது போலக் கேட்கும். விளக்குக் கம்பங்களைச் சுற்றிப் பூச்சிகள் பனி மாதிரி இறங்கும். நெல்வயலிலிருந்து நிஜக் கொக்குகள் வந்து எல்லைச் சுவர் ஓரம் புல்லில் நிற்கும். பந்து தங்கள் பக்கம் வரப்போவதில்லை என்று அவற்றுக்கும் தெரியும். நான் தூக்கத்துக்குள் இறங்கிப் போய் அந்தப் புல்லில் வெறுங்காலோடு நிற்பேன், ஈரம் நிஜமாகவே காலில் படும். விழித்துக்கொள்ளும்போது யாராவது, “ஒண்ணு எடுத்துட்டாங்க பாட்டி” என்பார்கள். எடுத்தது எப்படி என்று யாரையும் கேட்கமாட்டேன். சொல்லக் கேட்டால் அது அவர்களுடைய ஓட்டமாகிவிடும். ஒரு கோடை முழுக்கச் சீட்டு வாங்கிப் போய் ஒரு ஓட்டத்தைக்கூடக் கண்ணால் பார்க்காதவள் இந்தத் தீவிலேயே நான் ஒருத்திதான். ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். பதினோராவது மாடியை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

இவ்வளவு தூங்கியும் கடைசியில் எல்லாம் ஒரே ஆட்டத்தில் வந்து நின்றது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, நம் ஊர் மைதானத்தில், அதுவும் உன் சிறுத்தைகளோடு. ஜெயித்தால் ஐந்தாம் இடம், தோற்றால் ஆறாம் இடம். லீக்கில் இருப்பதே ஆறு அணிதான். ஐந்தாம் இடத்துக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று நீ நினைத்தும் பார்த்திருக்க மாட்டாய், உங்கள் ஆட்கள் முதலிடம் இரண்டாமிடம் என்றே பழகியவர்கள். காலையிலேயே ஜியான்-ஹோங் கூப்பிட்டு, “அறைக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கச் சொல்லவா, பச்சை அடிக்கச் சொல்லவாம்மா?” என்று கேட்டான். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

மத்தியானம் போய் உட்கார்ந்தோம். மழை விட்டு வயல்களிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கோக்-பின் என் கையைப் பிடித்து, “பாட்டி, இன்னிக்கு உங்களைத்தான் நம்பியிருக்கோம்” என்றான். நான் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டேன். ஆனால் தூக்கம் வந்தால்தானே. முதல் சுற்று முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தேன். யாரோ திட்டுகிறார்கள், யாரோ உச்சுக் கொட்டுகிறார்கள், மேய்-ஹுயி என் முழங்காலை மெல்லத் தட்டிக்கொடுக்கிறாள். எழுந்து செங்-ஹாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லவேண்டும் போல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். பிறகு மேளம் சந்துக்கு அந்தப் பக்கம் போயிற்று.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படி. கடைசிச் சுற்றான ஒன்பதாம் சுற்றில் எனக்குத் தானாக விழிப்பு வந்தது. யாரும் எழுப்பவில்லை. தொப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். வெயில் சாய்ந்து மைதானம் முழுக்கத் தேன் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது. இவ்வளவு கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. நாங்கள் ஐந்து, அவர்கள் ஆறு. மூன்று மூலையிலும் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள், இன்னும் ஒருவன் அவுட்டானால் எல்லாம் முடிந்தது. மட்டையோடு வருகிறான் செங்-ஹாவ். ஐயோ, இப்போது போய் விழித்துத் தொலைத்தேனே, நானே கெடுத்தேனே, கண்ணை மூடு, மூடு என்று எனக்கு நானே சொல்கிறேன், கண் மூடமாட்டேன் என்கிறது. இரண்டு வரிசைக்குக் கீழே, சர்க்கரை ஆலைத் தொப்பி போட்டு நம் அப்பாவைப் போலவே ஒருவர் உட்கார்ந்து வறுத்த சாஸேஜைப் பூண்டோடு கடித்துக்கொண்டிருந்தார். திரும்பியே பார்க்கவில்லை. ஆட்டத்தின்போது கூப்பிட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது என்று நானும் பேசாமல் இருந்தேன்.

எறிகிறவன் கையைத் தூக்கினான். செங்-ஹாவ் ஒற்றைக் காலில் நின்றான், அச்சாகக் கொக்கு போலவே. கண்ணை மூடவில்லை. பந்து வந்தது பார், அவ்வளவு மெதுவாக, பம்ப்ளிமாஸ் பழம் அளவுக்குப் பெரிதாக, அதன் சிவப்புத் தையலை நான் என் இடத்திலிருந்தே எண்ணலாம் போல. அவன் மட்டையைச் சுழற்றினான். சத்தம்கூட ஈரத்துணியை உதறுவது போல மெல்லத்தான் வந்தது. பந்து மேலே போயிற்று. சுவரோரம் நின்ற கொக்குகள் எல்லாம் அதோடு சேர்ந்து எழும்பின. வெள்ளையோடு வெள்ளை. எது பந்து, எது கொக்கு என்று தெரியவில்லை. சிறுத்தைகள் ஆட்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். ஸ்கோர் பலகையைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, ஆலைப் புகைபோக்கியைத் தாண்டி ஒரு வெள்ளை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அது திரும்ப விழவே இல்லை. ஹோம் ரன். மூலையில் நின்ற மூன்று பேரும் அவனுமாக நாலு ஓட்டம். நான் கண்ணால் பார்த்தேன், ஆ-சூ. இந்த இரண்டு கண்ணால்.

சந்தோஷத்தில் ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன் போலிருக்கிறது. அடுத்தது கோக்-பின் என் தோளைத் தொட்டு, “பாட்டி, எழுந்திருங்க, எல்லாரும் போயாச்சு” என்கிறான். மேளத்துக்கு உறை போட்டாயிற்று. “பார்த்தியாடா அவன் அடிச்சதை? கொக்கெல்லாம் கூடவே போச்சே, பார்த்தியா?” என்றேன். கோக்-பின் மேளத்து உறையை அவிழ்த்து மறுபடி கட்டினான். மேய்-ஹுயி அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள். ஊதுகுழல்காரன்தான், “பார்த்தோம் பாட்டி” என்றான். அவனுக்கும் கண்ணெல்லாம் சிவப்பு. ஆண்பிள்ளைகள் சந்தோஷத்தில் அழுவதை நேற்றுதான் பார்த்தேன். அவித்த கடலைக்காரன் மிச்சக் கடலை எல்லாவற்றையும் பையில் கொட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். இத்தனை வருஷத்தில் ஒரு கடலை கூடப் போடாத கை அது, ஜெயித்தால் மனுஷன் எப்படி மாறிவிடுகிறான் பார். பட்டாசுச் சத்தம் மட்டும் கேட்கவில்லை, ஈரத்தில் நமுத்துப் போயிருக்கும். மேய்-ஹுயி தன் ஸ்கூட்டரில் ரொம்ப மெதுவாக என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். வழி முழுக்க அந்த அடியைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் அத்தை, ஆமாம் அத்தை என்றாள். இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்காமல் அவள் இருந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே இது முடிந்தது. நாங்கள் ஐந்தாம் இடம். சாமி வாக்கைக் காப்பாற்றிவிட்டார். ஜியான்-ஹோங்கிடம் நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் முகம் வாடுவான். பெயின்ட் எந்த நிறமும் அடிக்கவேண்டாம். உன் கணவரிடம் சிறுத்தைகள் தோற்றதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்.

உன் முழங்கால் குளிர்காலத்துக்குள் குணமாகட்டும். உன் வீட்டுச் சோற்றுப்பானை நிறைந்திருக்கட்டும். உன் பிள்ளைகள் உன்னை எங்கேயும் இடம் மாற்றாமல் இருக்கட்டும். மூத்தவள் என்ற முறையில் உன்னை ஆசீர்வதிக்கிறேன், தொப்பி விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

உன் அக்கா,
லுவான்

பின்குறிப்பு: உறையைப் பிரித்து இதைச் சேர்த்திருக்கிறேன். மறுபடி சோறு வைத்து ஒட்டியதால் ஓரம் கட்டிதட்டியிருக்கும். இன்று காலை தபால்பெட்டிக்குக் கிளம்பினபோது கோக்-பின், ஊதுகுழல்காரன், மேய்-ஹுயி மூன்று பேரும் கொய்யாப்பழத்தோடு வாசலில் நின்றார்கள். சும்மா கொய்யாப்பழம் கொண்டுவருகிற ஆட்கள் இல்லை இவர்கள்.

“பாட்டி, நேத்தே சொல்லியிருக்கணும். வாய் வரல” என்றான் கோக்-பின்.

“எத்தனைக்கு எத்தனை?” என்றேன்.

“ஏழுக்கு ஒண்ணு.”

“செங்-ஹாவ்?”

“அவனை மூணாவது சுற்றுலயே உட்கார வச்சுட்டாங்க பாட்டி.”

“நான் எப்ப முழிச்சேன்?”

“முழிக்கவே இல்ல அத்தை” என்றாள் மேய்-ஹுயி. “அவ்வளவு நிம்மதியாத் தூங்குனீங்க. சிரிச்சுக்கிட்டே வேற தூங்குனீங்க. எப்படி எழுப்புறது?”

நான் அவர்களைத் திட்டினேன். என்னவெல்லாம் திட்டினேன் என்று எழுதினால் தபால்காரர் கடிதத்தை எடுத்துக்கொண்டு வரமாட்டார். மூன்று பேரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். எனக்கு மூச்சு வாங்கி நிறுத்தியதும், கோக்-பின் பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “அந்த ஒன்பதாம் சுற்றை இன்னொரு தடவை சொல்லுங்க பாட்டி. நேத்து சரியாக் கேக்கல” என்றான். கடலைக்காரனும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். சொன்னேன். வெயிலிலிருந்து ஆரம்பித்தேன். செங்-ஹாவ் மட்டையோடு வந்த இடத்தில் ஊதுகுழல்காரன் அவன் பாட்டை மெல்ல எடுத்தான், கோக்-பின் முக்காலியில் விரலால் தட்டினான். கொக்குகள் எழும்பியதும் நாலு பேரும் சந்துக்கு மேலே வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை, துணிக்கொடிதான் இருந்தது. இருந்தும் கொஞ்ச நேரம் யாரும் தலையை இறக்கவில்லை.

வியாழக்கிழமை வா, ஆ-சூ. சாமிக்குக் கொடுத்த வாக்கை நான் மீறமாட்டேன், தாய்பேய்க்குப் போகிறேன். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவேன் என்றுதான் அவரிடம் சொன்னேன், திரும்பி வந்து திறக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. பெரிய பெட்டி எதுவும் தூக்கிக்கொண்டு வராதே. மார்ச்சில் புது ஆட்டம் தொடங்குகிறது, அதுவரைக்கும் வேண்டிய துணி ஒரு பையில் அடங்கும்.